ஒரு நட்டின் மேல் இறங்கிய இரண்டு பாலங்கள்: கட்டடக்கலை மாணவர்களுக்கு ஹயாட் ரீஜென்சி விபத்தைப் பாடமாக நடத்துவது

பி.ஆர்க். படிப்பில் ஸ்ட்ரக்சர்ஸ் தாள்கள் முதல் மூன்று, நான்கு ஆண்டுகளில் வரிசையாக வந்து போகும். விசைகளின் சமநிலை, ஷியர் ஃபோர்ஸ், பெண்டிங் மொமென்ட், பிறகு ஆர்.சி.சி., அப்புறம் ஸ்டீல். மாணவர்கள் எப்படியோ பாஸ் ஆகிவிடுகிறார்கள். இரண்டு முனையிலும் தாங்கிய பீமுக்கு மொமென்ட் என்ன என்று கேட்டால் டபிள்யூ எல் ஸ்கொயர் பை எட்டு என்று உடனே பதில் வரும். அதே மாணவர் மதியம் ஸ்டுடியோவில் ஆறு மீட்டர் வெளியே நீளும் ஒரு ஸ்லாபை மெல்லிய கோடாக வரைந்திருப்பார். இதை எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று கேட்டால், "கன்சல்டன்ட் பார்த்துப்பார் சார்" என்பார்.

இதைக் கணக்கில் உள்ள பலவீனம் என்று நான் நினைக்கவில்லை. கணக்கு தெரிந்தவர்களிடமும் இதே பதில்தான் வருகிறது. நாம் கற்றுக்கொடுக்கும் பீம் ஒரு கோடு. அதன் இரு முனையிலும், அதைத் தாங்குவதைக் குறிக்க இரண்டு முக்கோணங்கள். அந்த முக்கோணம் நிஜத்தில் என்ன பொருள், எந்த போல்ட், எந்த வெல்டிங், யார் வரைந்தது, யார் சரிபார்த்தது என்று எந்தத் தாளும் கேட்பதில்லை. கட்டடம் பெரும்பாலும் அந்த முக்கோணத்தில்தான் விழுகிறது. அதனால் மூன்றாம் ஆண்டு மாணவர்களோடு ஒரே ஒரு விபத்தை எடுத்துக்கொண்டு, பல வகுப்புகள் அதிலேயே தங்கி, அதை முழுக்கப் பிரித்துப் பார்க்கிறேன். அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டி நகரின் ஹயாட் ரீஜென்சி ஹோட்டலில் 1981இல் நடந்தது அது. பொறியியல் கல்லூரிகளில் தொழில்நெறி வகுப்புக்கு இதை அடிக்கடி எடுப்பார்கள். கட்டடக்கலை மாணவர்களுக்கு இது ஸ்ட்ரக்சர்ஸ் பாடமாகவே வர வேண்டும் என்பது என் கருத்து. நடத்தும் விதத்தை விவரமாக எழுதுகிறேன்.

நடந்தது என்ன

1980 ஜூலையில் திறக்கப்பட்ட ஹோட்டல் அது. நடுவே பல மாடி உயரத்துக்குத் திறந்த ஏட்ரியம். அதன் குறுக்கே இரண்டாம், மூன்றாம், நான்காம் மாடி மட்டங்களில் மூன்று நடைபாலங்கள். தரையிலிருந்து தூண் எதுவும் கிடையாது. மூன்றும் கூரையிலிருந்து எஃகு ராடுகளில் தொங்கின. நான்காம் மாடிப் பாலத்துக்கு நேர் கீழே இரண்டாம் மாடிப் பாலம். மூன்றாம் மாடிப் பாலம் மட்டும் பக்கவாட்டில் தள்ளித் தனியாகத் தொங்கியது.

1981 ஜூலை 17, வெள்ளிக்கிழமை மாலை. கீழே நடனப் போட்டி நடந்துகொண்டிருந்தது. ஏட்ரியத்தில் சுமார் 1600 பேர். பாலங்களின் மேலும் சிலர் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழு மணி கடந்து சில நிமிடங்களில் நான்காம் மாடிப் பாலம் தன் பிடியிலிருந்து கழன்று இரண்டாம் மாடிப் பாலத்தின் மேல் விழுந்தது. இரண்டும் சேர்ந்து கீழே இருந்த கூட்டத்தின் மேல் இறங்கின. 114 பேர் இறந்தார்கள், 200க்கு மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். தனியாகத் தொங்கிய மூன்றாம் மாடிப் பாலம் விழவில்லை. இந்த ஒரு தகவலை வகுப்பில் நான் முதலில் சொல்வதில்லை, காரணம் பின்னால் வரும்.

அமெரிக்க அரசின் தேசியத் தர நிர்ணய அமைப்பு இடிபாடுகளை எடுத்துப் பரிசோதித்து அறிக்கை கொடுத்தது. அதற்கு முன்னாலேயே, விபத்து நடந்த சில நாட்களில், உள்ளூர் நாளிதழ் ஒன்று அமர்த்திய பொறியாளர் வரைபடத்தையும் இடிபாட்டையும் ஒப்பிட்டு, ராடுகளின் அமைப்பு மாற்றப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்துவிட்டார்.

முதல் வகுப்பு: இரண்டு வரைபடங்கள்

முதல் வகுப்பில் ஹோட்டலின் பெயர் கூடச் சொல்வதில்லை. போர்டில் இரண்டு படங்கள் மட்டும்.

முதல் படம், வடிவமைப்பில் இருந்தபடி: கூரையிலிருந்து ஒரே நீள ராடு இறங்குகிறது. அது நான்காம் மாடிப் பாலத்தின் குறுக்கு பீமுக்குள் நுழைந்து, கீழே போய், இரண்டாம் மாடிப் பாலத்தின் பீமுக்குள்ளும் நுழைகிறது. ஒவ்வொரு பீமின் அடியிலும் ஒரு வாஷர், ஒரு நட்.

இரண்டாம் படம், கட்டியபடி: கூரையிலிருந்து வரும் ராடு நான்காம் மாடி பீமின் அடியில் நட்டோடு முடிந்துவிடுகிறது. அதே பீமில் சுமார் 10 செ.மீ. தள்ளி இன்னொரு துளை. அதிலிருந்து இரண்டாவது ராடு தொடங்கிக் கீழே இரண்டாம் மாடிப் பாலத்துக்குப் போகிறது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், வகுப்பில் பெரும்பாலோர் ஒன்றும் இல்லை என்பார்கள். பாலங்கள் அதே இரண்டு, ராடின் தடிமன் அதே, மொத்த எடையும் அதே. கூரையை இழுக்கும் விசை இரண்டு படத்திலும் ஒன்றுதான் என்று சொல்லும் மாணவர் சரியாகத்தான் சொல்கிறார், அதை நான் ஒத்துக்கொள்கிறேன். பிறகு ஒரே ஒரு கேள்வி: நான்காம் மாடி பீமின் அடியில் இருக்கும் அந்த நட்டை மட்டும் தனியாக வரையுங்கள், அதன் மேல் என்னென்ன உட்கார்ந்திருக்கிறது?

ஒரு கயிற்றில் மேலும் கீழுமாக இருவர் தொங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் கயிற்றையே பிடித்திருந்தால் ஒவ்வொருவர் கையும் தன் உடம்பை மட்டும் தாங்கினால் போதும். கீழே இருப்பவர் கயிற்றை விட்டுவிட்டு மேலே இருப்பவரின் காலைப் பிடித்துக்கொண்டால், கயிற்றுக்கு எந்த மாற்றமும் தெரியாது. மேலே இருப்பவரின் கைக்குத்தான் இரண்டு ஆள் பாரம்.

முதல் படத்தில் அந்த நட் ஒரு பாலத்தின் பங்கைத் தாங்குகிறது. இரண்டாம் படத்தில் இரண்டு பாலங்களின் பங்கு. சுமை அப்படியே இரட்டிப்பு. ஃப்ரீ பாடி டயகிராமை, அதாவது ஒரு துண்டைத் தனியாக எடுத்து அதன் மேல் வரும் விசைகளைக் காட்டும் படத்தை, அதுவரை பரீட்சைக்காக மட்டும் வரைந்தவர்கள், அதை எதற்காக வரைகிறோம் என்று புரிந்துகொள்வது இந்த இடத்தில்தான். எந்தத் துண்டை வெட்டி எடுத்துத் தனியாகப் பார்க்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. முழுப் பாலத்தையும் வெட்டி எடுத்தால் தவறு தெரியாது. கூரையைப் பார்த்தாலும் தெரியாது. அந்த நட்டை வெட்டி எடுத்தால் மட்டும்தான் தெரியும்.

அட்டையில் செய்து பார்ப்பது

அடுத்த வகுப்பு முழுக்கக் கையால் செய்வது. சார்ட் அட்டையை மடித்து ஒட்டிச் சின்னப் பெட்டி பீம்கள். ராடுக்குப் பதில் நூல், நட்டுக்குப் பதில் நூலில் முடிச்சு, வாஷருக்குப் பதில் சட்டைப் பொத்தான். சுமைக்குத் தண்ணீர் பாட்டில்கள். ஒரு குழு ஒரே நூலில் இரண்டு பீம்களைத் தொங்கவிடும். இன்னொரு குழு இரண்டு நூலாகப் பிரித்துத் தொங்கவிடும். பாட்டிலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போக வேண்டும்.

இரண்டு நூல் மாதிரியில் மேல் பீமின் அட்டை முதலில் கீழ்நோக்கிக் குழிகிறது. பிறகு ஒட்டிய விளிம்பு பிரிகிறது. கடைசியில் பொத்தான் அட்டையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறது. நூல் அறுவதே இல்லை. கன்சாஸ் சிட்டியிலும் இதேதான்: நட்டும் வாஷரும் பீமைப் பிளந்துகொண்டு ஊடுருவிவிட்டன, ராடு தன் இடத்தில் தொங்கிக்கொண்டு நின்றது. இடிபாட்டின் புகைப்படங்களைப் பிறகு காட்டும்போது, தாங்கள் கிழித்த அட்டையையும் அந்த எஃகையும் மாணவர்கள் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள்.

குழிந்து, பிரிந்து, கிழிந்த அந்த வரிசையைக் கண்ணால் பார்த்தவருக்கு வெட்டுவிசை (ஷியர்), தாங்குபரப்பு, வளைவு (பெண்டிங்) என்பவை வெவ்வேறு பாடங்களாகத் தெரியாது. ஒரே அட்டையில் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதைப் பார்த்துவிட்டார்கள். கட்டடக்கலை மாணவர்களின் கை நன்றாகப் பழகியது. வரைவார்கள், வெட்டுவார்கள், ஒட்டுவார்கள். ஸ்ட்ரக்சர்ஸ் வகுப்பில் மட்டும் அந்தக் கையைக் கட்டிப் போட்டுவிட்டு கால்குலேட்டரைக் கொடுக்கிறோம். விசையை வரைந்தே காணும் முறைக்குப் பெரிய மரபே உண்டு. சூரிச் தொழில்நுட்பக் கல்லூரியில் கார்ல் குல்மான் அதை 1860களில் முறைப்படுத்தினார். அவருக்குப் பின் வந்த வில்ஹெல்ம் ரிட்டரிடம் படித்தவர்தான் கான்கிரீட் பாலங்களை அவ்வளவு மெலிதாகக் கட்டிய ராபர்ட் மையார். வரைபடம் தெரிந்தவருக்குக் கட்டமைப்பு அந்நியமான துறை இல்லை என்று நம்புவதற்கு அந்த ஒரு பரம்பரை போதும்.

கணக்கு: பெரிய எண்களுக்குச் சின்ன வழி

இப்போதுதான் எண்கள். இதற்குத் தேவைப்படுவது பெருக்கலும் வகுத்தலும் மட்டும்.

பாலத்தின் நீளம் சுமார் 37 மீட்டர். எடை சுமார் 29 டன். நீளவாக்கில் நான்கு பிரிவுகள், ஒவ்வொன்றும் சுமார் 9 மீட்டர். பிரிவுகள் சேரும் மூன்று இடங்களில் குறுக்கு பீம், ஒவ்வொரு பீமின் இரு முனையிலும் ஒரு ராடு. ஆக ஒரு பாலத்துக்கு ஆறு ராடு. ஒரு ராடு எவ்வளவு தரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பிளானில் வண்ணம் தீட்டச் சொல்வேன். 9 மீட்டர் நீளம், பாதி அகலமான சுமார் 1.3 மீட்டர், அதாவது ஏறக்குறைய 12 சதுர மீட்டர். இந்த வண்ணம் தீட்டும் வேலையை மாணவர்கள் ரசித்துச் செய்வார்கள். பங்குப் பரப்பு என்பது ஒரு முறை தீட்டிவிட்டால் மறக்காது.

பாலத்தின் இரு கோடிகளும் கட்டடத்திலேயே உட்கார்ந்திருப்பதால், சொந்த எடையில் ஒரு ராடின் பங்கு எட்டில் ஒன்று, சுமார் 35 கிலோநியூட்டன் (10 கிலோநியூட்டன் என்பது ஏறக்குறைய ஒரு டன் எடை). மக்கள் நிற்கும் சுமைக்கு அந்த நகரின் விதி கேட்டது சதுர அடிக்கு 100 பவுண்டு, நம் கணக்கில் சதுர மீட்டருக்கு 4.8 கிலோநியூட்டன். நம் இந்தியத் தரவிதியான ஐ.எஸ். 875 இரண்டாம் பகுதியில் நிலையான இருக்கை இல்லாத கூட்ட அரங்குகளுக்கு 5 என்று இருப்பதோடு ஒப்பிட்டால், இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 12 சதுர மீட்டருக்கு அது 57, 58 கிலோநியூட்டன் வரும். இரண்டையும் கூட்டினால் 90ஐ ஒட்டிய எண். விசாரணை அறிக்கையில் உள்ள வடிவமைப்புச் சுமையும் 90 கிலோநியூட்டன்தான். மூன்றாம் ஆண்டு மாணவர் கலர் பென்சிலோடு கண்ட விடை அரசாங்க அறிக்கையோடு பொருந்தும்போது வகுப்பில் வரும் தன்னம்பிக்கை மிகப் பெரியது. கணக்கு தன் கைக்கு எட்டாதது என்று நினைத்திருந்தவர்கள் அதற்குப் பிறகு கேள்வி கேட்கத் தொடங்குகிறார்கள்.

90 கிலோநியூட்டன் என்றால் ஏறக்குறைய 9 டன். கட்டியபடி பார்த்தால் மேல் இணைப்புக்கு அது 18 டன்.

சரி, அந்த இணைப்பு எவ்வளவு தாங்கும்? அதே மாதிரி இணைப்பைச் செய்து சோதித்ததில் 80 கிலோநியூட்டனைச் சற்றே தாண்டும் அளவுதான் கிடைத்தது. மாணவர்களை இங்கே சிறிது நேரம் நிறுத்துகிறேன். பாலத்தில் யாருமே இல்லாவிட்டாலும் மேல் இணைப்பின் மேல் இரண்டு பாலங்களின் சொந்த எடையாக 70 கிலோநியூட்டன் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. மிச்சம் இருந்தது ஏறக்குறைய ஒரு டன் சொச்சம். ஒரு இணைப்புக்குப் பங்காகப் பதினைந்து பேர் வந்தால் தீர்ந்துவிடும். திறந்த நாளிலிருந்தே அந்தப் பாலம் விளிம்பில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கூட்டம் அதிகமானதால் விழுந்தது, ஆடியதால் விழுந்தது என்று இந்த விபத்தைப் பற்றிப் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கணக்கு அதை ஏற்கவில்லை.

எல்லோரும் நின்றுவிடும் இடம்

இந்த விபத்தைச் சொல்கிற பெரும்பாலோர் ராடு மாறியதோடு கதையை முடித்துவிடுவார்கள். மாணவர்களும் அங்கேயே நிற்க விரும்புவார்கள். தவறு செய்தவர் கிடைத்துவிட்டார், ராடை இரண்டாக வெட்டியவர். நான் இன்னொரு கேள்வியோடு அவர்களை வீட்டுக்கு அனுப்புவேன்: மாற்றாமல் முதல் படத்தில் இருந்தபடியே கட்டியிருந்தால் சரியாக இருந்திருக்குமா?

விதி கேட்கும் பாதுகாப்பு அளவைச் சேர்த்தால் முதல் வடிவமைப்பின் இணைப்பு சுமார் 150 கிலோநியூட்டன் வரை தாங்க வேண்டும். அதன் தாங்குதிறன் 90ஐ ஒட்டி. அதாவது விதி கேட்டதில் 60 சதவீதம்தான். கட்டியபடி பார்த்தால் 300 தேவை, இருந்தது 80 சொச்சம், 30 சதவீதத்துக்கும் கீழே. முதல் வடிவமைப்பும் விதிப்படி நிற்கவில்லை. விழாமல் இருந்திருக்கலாம், ஆனால் அது அதிர்ஷ்டத்தில் தொங்கிய பாலம். இரண்டாம் படத்தில் அந்த அதிர்ஷ்டமும் போய்விட்டது.

அந்த இணைப்பு வரைபடத்தில் இருந்தது. ஆனால் அதை யாரும் கணக்கிடவில்லை. பொறியாளர் அலுவலகம், எஃகு செய்து தருபவர் இணைப்பை வடிவமைத்துக்கொள்வார் என்று இருந்தது. எஃகு செய்தவர் வரைபடத்தில் இருப்பது பொறியாளரின் முடிவு என்று எடுத்துக்கொண்டார். ராடை ஏன் பிரித்தார்கள் என்பதற்கும் நியாயமான காரணம் இருந்தது. ஒரே ராடாக இருந்தால் நான்காம் மாடி நட்டை அதன் இடத்துக்கு ஏற்ற, கீழிருந்து அவ்வளவு நீளத்துக்கும் மரை வெட்ட வேண்டும். மரை வெட்டிய ராடைத் தூக்கி நிறுத்தும்போது மரை அடிபடும். முதல் வரைபடம் செய்ய முடியாத ஒன்றைக் கேட்டது, பட்டறை அதைச் செய்யக்கூடியதாக மாற்றியது. மாற்றிய ஷாப் டிராயிங்கில், அதாவது பட்டறையின் செய்முறை வரைபடத்தில், பொறியாளரின் முத்திரையும் இருந்தது, கட்டடக் கலைஞர் அலுவலகத்தின் முத்திரையும் இருந்தது.

இந்தக் கடைசித் தகவலைச் சொல்லும்போது வகுப்பின் முகம் மாறுவதைப் பார்க்கலாம். அதுவரை இது எஞ்சினியர்களின் கதை. பொறுப்பு சட்டப்படி பொறியாளர்கள்மேல்தான் விழுந்தது. விசாரணைக்குப் பிறகு பொறுப்புப் பொறியாளர் ஜாக் கில்லமும் திட்டப் பொறியாளர் டேனியல் டங்கனும் மிசூரி மாநிலத்தில் தங்கள் உரிமத்தை இழந்தார்கள். கில்லம் பின்னாட்களில் பொறியாளர் கூட்டங்களில் இந்த விபத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவந்தார். அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கட்டடக்கலை மாணவருக்கு நான் கற்றுத்தர விரும்புவது சட்டப் பொறுப்பைப் பற்றி அல்ல. அந்த ஷாப் டிராயிங் உங்கள் மேசைக்கும் வரும். நீங்கள் அதில் நிறம், இடைவெளி, கைப்பிடியின் உயரம் மட்டும் பார்த்துவிட்டு முத்திரை வைப்பீர்களா, இல்லை முந்தைய வரைபடத்தில் ஒன்றாக இருந்த ராடு இதில் ஏன் இரண்டாக இருக்கிறது என்று ஒரு போன் போட்டுக் கேட்பீர்களா? அந்தக் கேள்விக்குக் கணக்கே வேண்டாம். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் கண் போதும். கட்டடக்கலை மாணவருக்கு அந்தக் கண் மற்ற எவரையும்விடக் கூர்மையானது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டும்போதே, 1979 அக்டோபரில், அதே ஏட்ரியத்தின் கூரையில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அதுவும் ஒரு இணைப்பு தோற்றதால்தான். அதற்குப் பிறகு இணைப்புகளை எல்லாம் மறுபடி பார்த்தாயிற்று என்று உரிமையாளருக்கு உறுதி கொடுக்கப்பட்டது. நடைபாலத்தின் அந்த நட்டை அப்போதும் ஒருவரும் பார்க்கவில்லை. தளத்தில் முழுநேர ஆய்வாளரை வைக்க வேண்டும் என்ற பொறியாளர் அலுவலகத்தின் கோரிக்கை, கூடுதல் செலவு என்று ஏற்கப்படாமல் போனது.

மூன்றாம் மாடிப் பாலத்தின் விஷயத்தை இங்கேதான் எடுக்கிறேன். அது ஏன் விழவில்லை என்று கேட்டால் இப்போது வகுப்பில் பலர் தாமாகவே சொல்லிவிடுவார்கள்: அதன் காலை யாரும் பிடிக்கவில்லை. முதல் நாளே அதைச் சொல்லியிருந்தால் வெறும் தகவலாகப் போயிருக்கும்.

மாற்று இணைப்புகள்

இதுவரை பார்த்தது பிறர் செய்த தவறு. இனி அவர்களின் வேலை: அந்த முனையை மறுபடி வடிவமைப்பது. பாலத்தின் தோற்றம் மாறக்கூடாது. மெலிதாக, தூண் இல்லாமல், தொங்க வேண்டும். பட்டறையில் செய்யக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

முதலில் பழைய பெட்டி பீமைப் புரிந்துகொள்கிறோம். C வடிவ எஃகுச் சானல்கள் இரண்டின் திறந்த வாய்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து விளிம்போடு விளிம்பு வெல்டிங் செய்தது அது. ராடுக்கான துளை சரியாக அந்த வெல்டிங் கோட்டின் மேல் விழுகிறது. நட்டு அழுத்தும் இடம் சானலின் உறுதியான செங்குத்துத் தகடு அல்ல, அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய விளிம்பின் நுனி. ஒவ்வொரு விளிம்பும் ஒரு குட்டி கான்டிலீவர், அதாவது ஒரு முனையில் மட்டும் பிடித்து வெளியே நீள்வது. இரண்டு கான்டிலீவர்களின் நுனியில் எல்லாச் சுமையும். இதை ஒரு மாணவர் தானே கண்டுபிடித்துச் சொல்லும் வரை நான் சொல்வதில்லை.

அப்புறம் யோசனைகள் வரத் தொடங்கும். சானல்களைத் திருப்பி முதுகோடு முதுகாக, நடுவில் ராடு போகும் இடைவெளி விட்டு வைத்து, அடியில் ஒரு தடித்த தகடு கொடுத்தால், சுமை நேராகச் செங்குத்துத் தகடுகளுக்குப் போய்விடும். எஃகு கிட்டத்தட்ட அதே அளவு, வலிமை எத்தனையோ மடங்கு. சிலர் பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே குறுக்குத் தகடுகள் வெல்டிங் செய்வார்கள். செய்யலாம், ஆனால் மூடிய பெட்டிக்குள் வெல்டரின் கை எப்படிப் போகும் என்று கேட்டால் வரைபடத்தைத் திருத்துவார்கள். கீழ்ப் பாலத்துக்குக் கூரையிலிருந்து தனி ராடுகளே விடலாம் என்பார் ஒருவர். கண்ணுக்கு ராடுகள் கூடும், ஆனால் சுமை போகும் வழி சுத்தமாக இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த விடை இணைப்பு மரை உருளை. ராடை இரண்டாக வெட்டிக்கொள்ளலாம், ஆனால் பீமுக்குக் கீழே அந்த நீளமான உருளை வடிவ நட்டைக் கொண்டு ஒரே நேர்கோட்டில் மறுபடி சேர்த்துவிடலாம். மரை இரண்டு முனைகளிலும் கொஞ்சம் மட்டும் போதும். பட்டறையின் கஷ்டமும் தீர்ந்தது, சுமை போகும் வழியும் மாறவில்லை. 1981க்கு முன்பே எல்லாப் பட்டறையிலும் கிடைத்த சாதாரணப் பொருள் அது. பட்டறைக்கும் அலுவலகத்துக்கும் இடையில் ஒரு நேர்மையான உரையாடல் நடந்திருந்தால் இங்கே வந்து நின்றிருக்கும். ஹோட்டல் உரிமையாளர்கள் பின்னர் வேறு வழியில் போனார்கள்: இரண்டாம் மாடியில் மட்டும் ஒரு நடைமேடை, அதைத் தரையிலிருந்து எழும் தூண்கள் தாங்கின.

நம் தளத்தில்

இந்தப் பாடத்தைக் கன்சாஸ் சிட்டியிலேயே விட்டுவிட முடியாது. நம் ஊரில் எஃகுப் பாலம் தொங்கவிடும் மாணவர் குறைவு, ஆர்.சி.சி. சன்ஷேடும் பால்கனியும் வரையாத மாணவர் இல்லை. கான்டிலீவரில் இழுவிசை மேல்பக்கம் வரும், ஆகவே முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். தளத்துக்குக் கூட்டிப்போனால் கான்கிரீட் போடும் நாளில் அந்தக் கம்பியின் மேலேயே ஆட்கள் நடப்பதைப் பார்க்கலாம். மேல் கம்பியை உயர்த்திப் பிடிக்கும் சேர் கம்பியைச் சரியாக வைக்காவிட்டால் மிதிபட்டு மேல் கம்பி அடியில் போய்ச் சேரும். வரைபடத்தில் எந்த மாற்றமும் இல்லை, கம்பியின் எடையிலும் இல்லை, பில்லிலும் இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான். சென்டரிங் பிரித்ததும் ஸ்லாப் மடியும்.

ஹயாட்டைப் படித்த மாணவர்கள் தளத்தில் மேஸ்திரியிடம் கேட்கும் கேள்விகள் வேறு தரத்தில் இருக்கின்றன. இந்தக் கம்பி உள்ளே பீமுக்குள் எவ்வளவு தூரம் போகிறது? எலக்ட்ரீசியன் பைப்பை இதன் வழியாக விட்டது யாருக்குத் தெரியும்? பிளம்பர் பீமில் துளை போடக் கேட்டால் யாரைக் கேட்பீர்கள்? மேஸ்திரிகளும் இப்படிக் கேட்டால் மனம் திறந்து பேசுகிறார்கள். வரைபடத்தில் செய்ய முடியாததை வரைந்துவிட்டுப் போய்விடுகிறார்கள் என்ற ஆதங்கம் அவர்களிடம் நிறைய இருக்கிறது. அந்த ஆதங்கத்தை மாணவர் காதால் கேட்பது ஒரு வகுப்புக்குச் சமம்.

இந்த முறை தராதவை

ஒரு விபத்தை வைத்து எல்லாவற்றையும் கற்றுத்தர முடியாது. பீமின் ஆழத்தை மனதில் மதிப்பிடும் பழக்கம் இதிலிருந்து வராது. அதற்கு, கான்கிரீட்டுக்கான தரவிதி ஐ.எஸ். 456இல் உள்ள நீள-ஆழ விகிதங்களைக் கையில் பிடித்துக்கொண்டு நூற்றுக்கணக்கான பிரிவுகளை வரைய வேண்டும்: 10 மீட்டருக்குள் கான்டிலீவருக்கு 7, இரு முனையில் தாங்கியதற்கு 20, தொடர் பீமுக்கு 26. தொடக்கத்தில் சொன்ன அந்த ஆறு மீட்டர் ஸ்லாபை 7ஆல் வகுத்துப் பார்த்தால் ஆழம் 850 மி.மீ.ஐத் தாண்டும். மாணவர் வரைந்த கோடு 150கூட இருக்காது. நிலநடுக்கம், காற்று, மண் இவற்றையும் இந்த விபத்து தொடவில்லை. பழைய வரிசைப் பாடத்தை நான் தூக்கிப்போடச் சொல்லவில்லை. பெண்டிங் மொமென்ட் தெரியாதவருக்கு அந்தக் குட்டி கான்டிலீவர் விளிம்பும் தெரியாது.

பயம் வந்துவிடுவதும் உண்டு. விபத்தைப் படித்த சில மாணவர்கள் அடுத்த செமஸ்டரில் தூண்களாக நட்டுத்தள்ளுவார்கள். அவர்களோடு தனியாக உட்கார்ந்து, மூன்றாம் மாடிப் பாலம் தொங்கிக்கொண்டுதான் நின்றது என்று நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. தொங்குவது குற்றமில்லை.

பெரிய சிக்கல் மதிப்பெண்தான். பல்கலைக்கழகத் தேர்வில் இதற்குக் கேள்வி கிடையாது. ஆகவே நான் ஸ்டுடியோ ஆசிரியர்களோடு பேசி, மாணவர் வடிவமைப்பை மதிப்பிடும் ஜூரியில் ஒரு தாளைச் சேர்க்க வைத்திருக்கிறேன். மாணவர் தன் கட்டடத்தில் அதிகச் சுமை வரும் ஒரே ஒரு இணைப்பைத் தேர்ந்தெடுத்து, ஒன்றுக்கு ஐந்து அளவில் வரைந்து, அதில் வந்து சேரும் எடையை எழுதி, அதை யார் எந்த வரிசையில் பொருத்துவார்கள் என்றும் குறிக்க வேண்டும். எந்த இணைப்பைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதிலேயே பாதி மதிப்பெண். வெல்டிங் பட்டறை நடத்தும் ஒருவரையும் அந்த ஜூரியில் உட்கார வைக்க வேண்டும் என்று கேட்டுவருகிறேன். கல்வித் தகுதி விதிகள் குறுக்கே நிற்கின்றன, அவரைப் பார்வையாளராகவாவது அழைக்க இந்த ஆண்டு அனுமதி கேட்டிருக்கிறோம்.